நாற்பத்தாறு கிலோ நோயாளி

ஜனவரி 5, திங்கள்

கம்பெனி டைரி என் கைக்கு வந்துவிட்டது! ஒன்பது வருடமாக, "காண்ட்ராக்ட் ஆளுக்கெல்லாம் டைரி கெடையாது" என்று விரட்டிய அதே ஆபீஸ் இன்று கூப்பிட்டுக் கொடுத்தது. ஏன் தெரியுமா? நான் நோயாளி!

எனக்கு ஒரு நோயும் கிடையாது, கல்லைத் தின்றாலும் செரிக்கும். பிப்ரவரி ஒன்றாம் தேதி சுரங்கங்களுக்கு நடுவே முதலுதவிப் போட்டி. ஒரு குழுவுக்கு ஐந்து பேர். நான்கு பேர் கட்டுப் போட வேண்டும், ஒருவன் அடிபட்டவனாகப் படுத்துக் கிடக்க வேண்டும். அவனுக்குப் பெயர்தான் நோயாளி. எங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருக்கிற அத்தனை ஒல்லிகளையும் கேன்டீன் அரிசித் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். நாற்பத்தாறு கிலோவில் நான் ஜெயித்தேன்.

குழுத் தலைவர் உத்திராபதி அண்ணன். பாறையில் துளை போடும் மெஷின் ஓட்டுகிறவர், ஆள் பனைமரம். என்னை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "டேய் கொளஞ்சி, நீ சோறு திங்கிறியா, இல்ல வாசனை மட்டும் புடிக்கிறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இப்போது முக்கியமான சேதி. ஜெயித்தால் குழுவில் இருக்கிற காண்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனெண்ட் ஆக்குவார்களாம். ஃபோர்மன் அருமைராஜ் சார் தன் வாயாலேயே சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. கல் உடைக்கிற கிரஷர் வாசலில் "விபத்தில்லா நாட்கள்" என்று ஒரு போர்டு தொங்குகிறதே, போட்டி அன்று அதில் 365 இருக்க வேண்டும். நடுவில் ஒரு விபத்து பதிவானால் போர்டு பூஜ்யம், எங்கள் குழுவும் போட்டியில் கிடையாது. இன்று 338.

வீட்டுக்கு வந்து பூங்காவனத்திடம் சொன்னேன். என் பெண்டாட்டி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "பாத்ரூம்."

அது அவளுடைய பதினொரு வருடத்துக் கனவு. கொல்லையில் நான்கு கம்பு நட்டு, யாருடைய கல்யாணத்திலோ கழற்றிப் போட்ட ஃபிளெக்ஸைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். உள்ளே போனால் மாப்பிள்ளையும் பெண்ணும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். "முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு முன்னாடி எத்தன நாளைக்குத்தான் நான் குளிக்கிறது?" என்பாள். பர்மனெண்ட் ஆனதும் முதல் வேலை அதுதான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், என் தலையில்தான்.

ஜனவரி 7, புதன்

முதல் ஒத்திகை. கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள்: "இடது தொடை எலும்பு முறிவு." போட்டியிலும் இதே அட்டைதானாம். நான் முனக வேண்டும், அவர்கள் ஓடிவந்து மரச்சட்டம் வைத்துக் கட்ட வேண்டும். நன்றாக முனகினேன் என்று நினைத்தேன். உத்திராபதி அண்ணனுக்குத் திருப்தி இல்லை.

"என்னடா பூன மாதிரி? தொடை ஒடிஞ்சவன் இப்படியா கத்துவான்?"

"நான் ஒடிச்சுப் பாத்ததில்லண்ணே."

ஜனவரி 10, சனி

வீட்டில் முனகிப் பழகினேன். மூன்றாவது முனகலுக்கு எதிர்வீட்டுக்காரர்கள் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பூங்காவனம் வெட்கத்தில் உள்ளே ஓடிப்போனாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சகலை பெரியநாயகம் குடும்பத்தோடு வந்தார். என் கொழுந்தியாளைக் கட்டியவர், அதே சுரங்கத்தில் ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை. தொண்ணூற்றிரண்டு கிலோ. தன்னை நோயாளியாக எடுக்கவில்லை என்று இன்னும் பொருமல்.

"சகல, அடிபட்டவன்னா பாக்கறதுக்கு வெயிட்டா இருக்க வாணாம்? ஒன்னையப் பாத்தா அடிபட்டுச் செத்து மூணு நாளான மாதிரி இருக்கு!"

"உங்களத் தூக்குனா தூக்குறவனுக்கு முதலுதவி பண்ணணும் சகல."

அவர் கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும். அதை உதறி உதறிச் சிரித்தார். ஏழு கரும்பு காலி.

ஜனவரி 19, திங்கள்

டைரியில் இன்றைய வாசகம்: "ஓடும் இயந்திரத்தில் கை வைக்காதே." ஒவ்வொரு பக்கத்திலும் இப்படி ஒன்று அச்சடித்திருக்கிறார்கள்.

இன்று விசேஷமாக ஒன்றுமில்லை. ஒரு மண்வெட்டி உடைந்தது.

அருமைராஜ் சார் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன்! ஏசி! முப்பது கிலோமீட்டர்! எலும்பு வைத்தியரிடம் போய்விட்டு வரும் வழியில் சார் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். பிய்த்தும் கொடுத்தார். எந்த ஃபோர்மன் இப்படிச் செய்வார்? அப்புறம் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தார், யாராவது கேட்டால் சொல்வதற்கு. நான்கு முறை சொல்லிக் காட்டினேன். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம், இடது கையால் எழுதுகிறேன். இரண்டு கையாலும் எழுதத் தெரிந்தவன் புத்திசாலி என்று எங்கோ கேள்விப்பட்டேன்.

போர்டில் 352.

ஜனவரி 20, செவ்வாய்

353.

ஜனவரி 21, புதன்

ஸ்பூனில் சாப்பிடுவது எவ்வளவு நாகரிகம் தெரியுமா? ரசம் சாதம்தான் கொஞ்சம் சண்டை போடுகிறது. பூங்காவனம் என் வலது கைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சுளுக்குக்கு இத்தன மூங்கில் பத்தையா வச்சுக் கட்டுவாங்க?"

"பெரிய சுளுக்கு."

"வெரலு எல்லாம் கத்திரிக்கா மாதிரி இருக்கு."

"கத்திரிக்கான்னதும் ஞாபகம் வருது, நாளைக்குக் கத்திரிக்கா கொழம்பு வையேன்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம் முகம் கழுவினாள்.

ஜனவரி 23, வெள்ளி

ஒத்திகை அமர்க்களம்! என் முனகலைக் கேட்டு உத்திராபதி அண்ணனுக்கே கண் கலங்கிவிட்டது. "எங்கடா கத்துக்கிட்ட? இந்த வாரம் அசல் நோயாளியா மாறிட்டியே!" என்று முதுகில் தட்டினார். சுளுக்கு என்று சொல்லி வைத்திருப்பதால் வலது கையை மட்டும் யாரும் தொடுவதில்லை. போட்டியிலும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். "சரிடா, சுளுக்குராசா" என்றார்.

ஜனவரி 24, சனி

எனக்கு ராஜ உத்தியோகம். தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து கேனைப் பார்த்துக்கொண்டால் போதும். போட்டி முடியும்வரை, கல் ஏற்றிப் போகிற கிரஷர் பெல்ட் பக்கமே போகக் கூடாதென்று அருமைராஜ் சார் சொல்லிவிட்டார்.

என் இடத்தில், பெல்ட் திரும்பி வருகிற அடி உருளைக்குப் பக்கத்தில், சகலையைப் போட்டிருக்கிறார்கள். கீழே கொட்டுகிற கல்லையும் தூளையும் அள்ளி மேலே போடுகிற வேலை. பந்தலுக்கு வந்து மீசையை முறுக்கினார். "ஒன் சிம்மாசனத்துல இப்ப நான் சகல!"

"வலை மாட்டியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"என்ன வலை?"

"உருளைய மூடுற கம்பி வலை."

"அங்க ஏது வலை? தொறந்துதான் கெடக்கு. அள்ளறதுக்கு வசதி."

இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். என்னமோ தாகம்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். கொடி ஏற்றினார்கள், எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். நான் இடது கையால் அடித்தேன். பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி முறைத்தார். "நாட்டு மேல மரியாத இல்லையா?" என்றார். அவருக்கு இரண்டு லட்டு கிடைத்தது, எனக்கு ஒன்றுதான். அது ஒன்றுதான் இன்றைய துக்கம்.

போர்டில் 359.

ஜனவரி 28, புதன்

சகலை தண்ணீர் குடிக்க வந்து ஒரு வேடிக்கை சொன்னார். குனிந்து அள்ளும்போது சிவப்புத் துண்டின் ஒரு முனையை பெல்ட் பிடித்துக்கொண்டதாம். "வெடுக்குன்னு இழுத்துச்சு பாரு சகல! விட்டுட்டேன். மேல போயி கல்லோட கல்லா விழுந்துச்சு. போயி எடுத்துக்கிட்டு வந்தேன்." துண்டைக் காட்டினார், நடுவில் கிழிந்திருந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், "அந்தத் துண்டப் போட்டுக்கிட்டு அங்க நிக்காதீங்க சகல" என்றேன்.

"ஏன், ஒனக்கு வேணுமா?"

"பெல்ட்ட நிறுத்திட்டு அள்ளுங்க."

"நீ ஒம்போது வருஷத்துல எத்தன வாட்டி நிறுத்துன?"

ஒரு முறை. முதல் வருடம். "அஞ்சு நிமிஷம் நின்னா லாரியெல்லாம் கியூவுல நிக்குது, ஒங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்?" என்று அன்றைக்கு இருந்த ஃபோர்மன் கேட்டார். அப்புறம் யாரும் நிறுத்தியதில்லை. கேனைத் துடைத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

அருமைராஜ் சார் புத்தம்புது முழுக்கைச் சட்டை கொடுத்தார். போட்டியில் நோயாளி முன்கூட்டியே கட்டோடு வந்தால் மார்க் குறைப்பார்களாம். அதனால் ஞாயிறு காலை மூங்கிலை எல்லாம் அவிழ்த்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். "ஒரு அரை நாள் சமாளி கொளஞ்சி. அதுக்கப்புறம் பெரிய ஆஸ்பத்திரியே காட்டுறேன்" என்றார். சொல்லிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். பாவம், அவருக்கு மேலே எத்தனை பேரோ.

இன்னும் இரண்டே நாள்! பூங்காவனத்துக்கு டைல்ஸ் கலர் யோசிக்கச் சொன்னேன். நீலம் என்றாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும். இடது கை வலிக்கிற வரை எழுதப் போகிறேன்.

காலையில் போர்டில் 365! வண்டியில் ஏறும்போது பட்டாசு வெடித்தார்கள். சகலை துண்டைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டே வந்தார். பூங்காவனமும் வந்தாள். மைதானத்தில் பந்தல், மைக்செட், எட்டுச் சுரங்கத்து ஆட்கள், ஜனம் ஆயிரத்துக்குக் குறையாது.

எங்கள் முறை வந்தது. விசில். நான் மைதானத்தின் நடுவில் விழுந்தேன், என்ன ஒரு விழுதல்! முனகினேன். நான்கு பேரும் ஓடிவந்தார்கள். சட்டம், பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் பறந்தது. இரண்டு நிமிடத்தில் என் இடது தொடையைக் கல்யாண வாழைமரம் மாதிரி கட்டி நிறுத்திவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் இரண்டு கையையும் நெஞ்சின் மேல் மடித்துக் கட்ட வேண்டும். அது விதி. உத்திராபதி அண்ணன் இருந்த வேகத்தில் சுளுக்கை மறந்துவிட்டார். என் வலது மணிக்கட்டைப் பிடித்து மடக்கினார்.

கத்தினேன். ஐயோ, அப்படி நான் ஜென்மத்தில் கத்தியதில்லை. அப்புறம் கைதட்டல்! விசில்! "நடிப்புடா! நடிப்புன்னா இதுடா!" என்று எவனோ மைக்கிலேயே சொன்னான். அண்ணன் இன்னும் இறுக்கிக் கட்டினார். நல்லாயிருக்கிற காலுக்கு ஏழு கட்டு, ஒடிந்த கைக்கு ஒரு முடிச்சு.

நடுவர்களில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கண்ணாடி போட்ட, குள்ளமான அம்மா. எல்லோரும் என் தொடையைப் பார்த்து மார்க் போட, அவர் மட்டும் குனிந்து என் விரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"எங்கப்பா வலிக்குது?"

அட்டையில் இருப்பதைத்தான் நோயாளி சொல்ல வேண்டும். "இடது தொடைங்க டாக்டர்."

"நான் அட்டையக் கேக்கல. உன்னயக் கேக்குறேன்."

நான் வானத்தைப் பார்த்தேன்.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. முதல் பரிசு! உத்திராபதி அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். சிறந்த நோயாளி என்று எனக்குத் தனியாக ஒரு கோப்பை. மேடையில் பெரிய விருந்தாளி அதை நீட்டினார். இடது கையை நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது, கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பெரிய மனிதர் கொடுப்பதை எவனாவது இடக்கையில் வாங்குவானா? "டேய், சோத்துக்கைய நீட்டுடா!" என்று கூட்டத்திலிருந்து கத்தினார்கள். நீட்டினேன். கோப்பை கையில் பட்டதும் நழுவி மேடையில் உருண்டது.

டாக்டரம்மா எழுந்து வந்து, என்னைக் கேட்காமலே முழுக்கைச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். உள்ளே இருந்ததை எழுத மாட்டேன், சாப்பிடுகிற நேரம்.

"இது எப்ப ஆச்சு?"

அருமைராஜ் சார் ஓடிவந்தார். "வீட்லங்க மேடம். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்." என்னைப் பார்த்தார். அந்த வாக்கியம் அதுதான். "பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன்." எத்தனை தடவை மனப்பாடம் செய்தேன்! நுனி நாக்கில் இருந்தது. சொன்னால் பர்மனெண்ட், சொன்னால் நீல டைல்ஸ்.

கூட்டத்தில் சகலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். கிழிந்த துண்டு கழுத்தில். நாளை திங்கட்கிழமை, காலை ஷிப்ட், அடி உருளை, வலை கிடையாது. தொண்ணூற்றிரண்டு கிலோவையும் அந்தத் துண்டு இழுத்துக்கொண்டு போகும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் அந்த உருளை இன்னும் திறந்து கிடக்கிறது. அது எனக்கு எட்டு நாளாகத் தெரியும்.

"பாத்ரூமா?" என்றேன். "எங்க வூட்ல பாத்ரூமே கெடையாதுங்க டாக்டர்."

மைக் பக்கத்தில் இருந்திருக்கிறது. மைதானம் முழுக்கக் கேட்டது.

"நாலு கம்பு, ஒரு ஃபிளெக்ஸு. கீழ மணலு. மணல்ல எப்படிங்க வழுக்கும்? பெல்ட்டுலதான் ஆச்சு. பத்தொம்பதாந்தேதி, காலைல பத்தேகாலு. உருளைக்கு வலை இல்ல. இப்ப அங்க எங்க சகலை நிக்கிறாரு. டைரில தேதி போட்டிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, கண்ணீர் வரச் சிரித்தேன். பூங்காவனம் மேடைக்கே ஏறி வந்துவிட்டாள். இத்தனை பேர் முன்னால் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி. நேற்று ஆபரேஷன், உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். அடிபட்ட அன்றைக்கே வந்திருந்தால் முழுசாகச் சரியாகியிருக்கும் என்றார்கள். இப்போது இரண்டு விரல் மடங்குமா என்பது போகப்போகத்தான் தெரியுமாம். மடங்காவிட்டால் சகலையை நோக்கிச் சுட்டிக்காட்ட வசதி.

பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தை நான் அடித்துத் திருத்த மாட்டேன். உண்மையை இங்கே எழுதுகிறேன். தூள் அள்ளும்போது மண்வெட்டியை உருளை இழுத்தது. நான் விடவில்லை. விட்டால் மண்வெட்டி பெல்ட்டைக் கிழிக்கும், பெல்ட் கிழிந்தால் திட்டுவார்கள் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். என் கையைப் பற்றி நினைக்கவில்லை. மண்வெட்டிப் பிடிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மணிக்கட்டு மாட்டியது. பிடி ஒடிந்ததால் பிழைத்தேன். நல்ல தேக்குப் பிடியாக இருந்திருந்தால் இந்த டைரியை எழுத ஆள் இருந்திருக்காது. பயந்துபோனேன். இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

முதல் பரிசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பர்மனெண்ட் பற்றி யாரும் பேசவில்லை. உத்திராபதி அண்ணன் பார்க்க வரவில்லை.

பூங்காவனம் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "பாத்ரூம் கட்டாததும் நல்லதாத்தான் போச்சு. கட்டியிருந்தா பொய் சொல்லியிருப்பீங்க" என்றாள்.

சொல்லியிருப்பேன். அவளிடம் மறுக்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

சகலை வந்தார். சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து இரண்டு நாள் பெல்ட்டை நிறுத்திப் போட்டார்களாம். லாரி கியூ ஊர் எல்லைவரை நின்றதாம். இன்று எல்லா உருளைக்கும் வலை மாட்டி, மஞ்சள் பெயிண்ட்டும் அடித்துவிட்டார்கள். கழுத்தில் துண்டைக் காணோம்.

"எங்க சகல துண்டு?"

"கொழுந்தியா புடுங்கி அடுப்புத் தொடைக்க வச்சுக்கிட்டா" என்றார். கொழுந்தியா என்றால் என் பெண்டாட்டி. அப்புறம் என் காலருகே உட்கார்ந்தார். திடீரென்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். தொண்ணூற்றிரண்டு கிலோவும் அழுதால் கட்டில் ஆடுகிறது. "ஆடாதீங்க சகல, தையல் பிரியும்" என்றேன்.

பிப்ரவரி 7, சனி

இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கையைத் தொங்கவிட ஒரு கட்டுத்துணி வேண்டும் என்று நர்ஸம்மா தேடிக்கொண்டிருந்தபோது, வாசலில் பனைமரம் நின்றது. உத்திராபதி அண்ணன். ஆறு நாளாக என்னோடு பேசாதவர். கையில் போட்டிக்கு வைத்திருந்த அதே முக்கோணத் துணி, துவைத்து மடித்தது.

"நகருங்கம்மா, நான் கட்டுறேன்" என்றார்.

நர்ஸம்மா நகர்ந்தார். அண்ணன் என் பக்கத்தில் மண்டி போட்டார். வலது கையைத் தொடுவதற்கு முன், "இங்கதானே? இந்தக் கைதானே?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று சொன்ன பிறகும் தயங்கினார். பாறையைத் துளைக்கிற கை, ஒரு பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போல என் முழங்கையைத் தாங்கியது. துணியை அடியில் விட்டு, கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். நான் கத்தவே இல்லை.

"அன்னிக்கு நீ கத்துனப்ப நான் இன்னும் இறுக்குனேனேடா" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொஞ்சநேரம் கழித்து, "எத்தன மார்க்கு?" என்றார்.

"முப்பத்தஞ்சுண்ணே. பாஸ்."

சிரித்துவிட்டார். போர்டில் இன்று என்ன நம்பர் என்று கேட்டேன். ஆறு என்றார். அந்த ஆறும் உண்மையான ஆறு.